7பி நீலத்திரை: செய்முறைத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

ஹார்டுவேர் செய்முறைத் தேர்வுக்கு ஐடிஇ, ஏஹெச்சிஐ (கணினி டிஸ்கோடு பேசும் பழைய முறையும் புதிய முறையும்) வேறுபாட்டை அட்டவணை போட்டு மனப்பாடம் செய்திருந்தேன். அது விளங்கியது பாம்பனில் ஒரு மீன் கம்பெனிக் கணினி முன்னால் உட்கார்ந்தபோதுதான்.

விண்டோஸ் 7 போட்ட பழைய பெட்டி. ஆன் செய்தால் நீலத்திரை, ஸ்டாப் எண்ணின் (பிழை எண்) கடைசியில் 7பி, அதாவது விண்டோஸ் இருக்கும் டிஸ்கை அணுக முடியவில்லை. கூட வந்த அண்ணன், "டிஸ்க் போச்சு தம்பி, ஃபார்மட் போட்டுருவோம்" என்றார். படகு வாரியான கணக்கு முழுவதும் அதில்தான் இருந்தது. பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை மென்பொருள்) போனால் தேதி 2009 ஜனவரி 1. மூடியைக் கழற்றினேன், உப்புக்காற்றில் பேட்டரி பிடிப்பில் பச்சை பூத்திருந்தது. பேட்டரி செத்து, பயாஸ் பழைய அமைப்புகளை மறந்து, ஐடிஇ-யில் இருந்த சாட்டா (டிஸ்க் இணைப்பு) முறை ஏஹெச்சிஐ ஆகியிருந்தது. புது பேட்டரி போட்டு ஐடிஇ-க்கு மாற்றியதும் கணக்கெல்லாம் அப்படியே வந்தது.

ஏன் என்பதை நன்றாகப் படியுங்கள், வைவாவில் அதைத்தான் கேட்பார்கள். முறை என்ன என்பதை விண்டோஸ் டிஸ்கிடம் கேட்பதில்லை. டிஸ்கை இயக்கும் சிப்பான கன்ட்ரோலர், பிசிஐ என்ற உள் இணைப்பு வழியாகச் சொல்லும் வகுப்பு எண்ணைப் படிக்கிறது. 01 என்றால் சேமிப்புக் கருவி. அடுத்த இரண்டு இலக்கம் வகையைச் சொல்லும்: 0101 ஐடிஇ, 0104 ரெய்டு (பல டிஸ்கை ஒன்றாகச் சேர்ப்பது), 0106 சாட்டா, அதாவது ஏஹெச்சிஐ. பயாஸில் முறையை மாற்றினால் அதே சிப் வேறு எண் சொல்லும். இன்டெல் ஐசிஹெச்9ஆர் சிப்பில் சாதன எண்ணே 2920-லிருந்து 2922 ஆகிவிடும். ஐடிஇ-யில் நிறுவிய விண்டோஸ் 7, தொடக்கத்தில் ஏற்றும் டிரைவர்களில் ஏஹெச்சிஐ-யைச் சேர்க்காது. அப்புறம் டிஸ்கை எதை வைத்துப் படிக்கும்? அங்கேதான் 7பி.

விண்டோஸ் 7-இல் வேண்டுமென்றே ஏஹெச்சிஐ-க்கு மாற்றுவதானால், முதலில் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளை வைக்கும் இடம்) எம்எஸ்ஏஹெச்சிஐ சேவையின், அதாவது ஏஹெச்சிஐ டிரைவரின், ஸ்டார்ட் மதிப்பை 0 ஆக்கிவிட்டு, பிறகு பயாஸைத் தொடுங்கள். விண்டோஸ் 10-இல் முறையை மாற்றியதும் முதல் தடவை சேஃப் மோடில் எழுப்பினால் போதும். லினக்ஸ் கர்னலில் பெரும்பாலும் இரண்டு டிரைவரும் இருக்கும், அதனால் இந்தத் தொல்லை குறைவு.

சரி, இதைக் கண்ணால் பார்க்க டிவைஸ் மேனேஜரில் சாட்டா கன்ட்ரோலரைத் திறந்து, டீடெய்ல்ஸ் பக்கத்தில் ஹார்டுவேர் ஐடிஸ் எடுங்கள். ஏஹெச்சிஐ-யில் சிசி_0106 என்றும், ஐடிஇ-யில் சிசி_0101 என்றும் முடியும் வரி இருக்கும். பயாஸில் எதையும் மாற்றும் முன் அந்த வரியை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.