கடலா, கழனியா: கல் வந்த ஊருக்கு ஒரு தேனிலவு

தை மாதம் கல்யாணம். மே மாதம்தான் இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தது, மொத்தம் 12 நாள். இத்தாலி என்று முடிவெடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இத்தாலியில் எங்கே என்பதற்கு ஐந்து வாரம் ஆனது.

எனக்கு அமால்ஃபி கடற்கரை. போசிடானோ படங்களாகவே என் போன் நிரம்பிக் கிடந்தது. மலைச்சரிவில் அடுக்கிவைத்த வீடுகள், எலுமிச்சைத் தோப்பு, கீழே கடல். அவருக்கு டஸ்கனி. "சென்னையில கடல் பத்து நிமிஷம். கடைசியா எப்பப் போனோம்?" என்றார். "கானாடுகாத்தான்ல கிடக்குற பொட்டல் பத்தாதா? இத்தாலி வரைக்கும் போயி வயக்காட்டைப் பாக்கணுமா?" என்று நான் கேட்டேன்.

சிவராத்திரிக்கு இவருடைய ஊரான செட்டிநாட்டுக் கானாடுகாத்தானுக்குப் போனபோது வழக்கு அப்பத்தாவிடம் போனது. அவருடைய அப்பத்தா, எனக்கும் இப்போது அப்பத்தாதான். பட்டாலையில், அதாவது வீட்டுக் கூடத்தில், காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே இரண்டு தரப்பையும் கேட்டார்.

"கடல் பொங்குச்சுன்னுதானே நம்ம ஆளுக காவிரிப்பூம்பட்டினத்தை விட்டு இங்கன வந்தாக?"

அப்படித்தான் பரம்பரையாகச் சொல்வார்கள். வெள்ளத்தைக் கண்டு மிரண்டு வந்தவர்கள் என்பதால்தான் செட்டிநாட்டு வீடுகள் அத்தனை உயரமாக மேடை போட்டுக் கட்டியிருக்கின்றன என்றும் சொல்வார்கள். ஊருணி நிறைந்தாலே ஊர்கூடி வேடிக்கை பார்க்கும் சீமையில், வெள்ளத்துக்குப் பயந்த வீடுகள்!

"பயந்தவுக பின்னே எதுக்கு அப்பத்தா கப்பலேறி ரங்கூனுக்குப் போனாக?" என்று இவர் மடக்கினார்.

"அது கொண்டுவிக்கப் போறது. போயிட்டு வாறது வேற, குடியிருக்கிறது வேற." சொல்லிவிட்டுத் தரையைத் தட்டினார். "இந்தக் கல்லு அந்த ஊருதானே? எங்கன வெட்டுனாகன்னு பாத்துட்டு வாங்க."

அந்த வீட்டில் தூண் பர்மாத் தேக்கு, உள்கட்டில் ஆத்தங்குடிக் கல், பட்டாலையில் மட்டும் இத்தாலி மார்பிள். மே மாதக் கத்திரியிலும் அதில் வெறும் உடம்போடு படுத்தால் தூக்கம் வந்துவிடும். அன்று ராத்திரி அதே தரையில் படுத்துக்கொண்டு மேப்பைத் திறந்தோம். இத்தாலி மார்பிள் என்றதும் வருகிற பெயர் கராரா. அது டஸ்கனியின் வடமேற்கு மூலையில், மலைக்கும் கடலுக்கும் நடுவே சில கிலோமீட்டர் அகலத்தில் ஒடுங்கிக் கிடக்கிறது. அங்கிருந்து ரயிலேறினால் சிங்க்வே தெர்ரே என்கிற ஐந்து கடலோர ஊர்கள் பக்கத்திலேயே.

ஆக, குடியிருக்கிறது வயலில், போயிட்டு வாறது கடல். அப்பத்தா தீர்ப்பு.

அமால்ஃபியை நான் விட்டுக்கொடுத்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. மே மாதத்தில் அங்கே கடல் தண்ணீர் இன்னும் சில்லென்றுதான் இருக்கும். மெரினாவில் முழங்கால்வரை நனைக்கிற நமக்கு அது ஒத்துவராது. போசிடானோவில் தெருவென்றால் பாதிக்கு மேல் படிக்கட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். கடல் தெரியும் அறைக்கு ஒரு ராத்திரிக்குக் கேட்ட காசில், பண்ணை வீட்டில் மூன்று ராத்திரி தங்கலாம். மலையைக் குடைந்து போகும் அந்த ஒற்றைச் சாலையில் பஸ்சுக்கும் பஸ்சுக்கும் நடுவே கார் ஓட்ட இவருக்கும் தைரியமில்லை.

விசா வேலை வழக்கமான அலைச்சல்தான். 30,000 யூரோவுக்குப் பயணக் காப்பீடு கட்டாயம் என்பதும், கார் ஓட்டுவதாக இருந்தால் நம்மூர் ஆர்.டி.ஓ. தரும் சர்வதேச லைசென்ஸ் வேண்டும் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

ஃபிளாரன்ஸில் கார் எடுத்துத் தெற்கே வால் தோர்ச்சா பள்ளத்தாக்கில் ஒரு பண்ணை வீட்டில் ஐந்து ராத்திரி. இந்த மாதிரித் தங்குமிடத்தை அங்கே அக்ரிதூரிஸ்மோ என்கிறார்கள். நிஜமாகவே விவசாயம் நடக்கிற பண்ணைதான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியும். எங்கள் ஜன்னலுக்கு வெளியே பச்சைக் கோதுமை, நடுநடுவே சிவப்பாய்ப் பாப்பிப் பூ, மேட்டில் வரிசையாய் சைப்ரஸ் மரங்கள். முதல் நாள் இருநூறு படம் எடுத்தேன். இரண்டாம் நாள் இருபது.

மூன்றாம் நாள் பேச்சு தீர்ந்துபோனது.

இதை யாரும் எழுதுவதில்லை, அதனால் எழுதுகிறேன். பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணம். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் எங்களைச் சுற்றி எப்போதும் நாற்பது பேர் இருந்தார்கள். பண்ணையில் நாங்கள் இருவர், தள்ளி ஒரு நாய். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் செய்ய ஒன்றுமில்லை, இருட்டவோ ஒன்பது மணி ஆகிறது. கடற்கரையாக இருந்தால் அலையைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசாமல் இருந்திருப்போம், அதுவே சந்தோஷம் என்றும் நினைத்திருப்போம். இங்கே பார்க்க எதுவும் அசையவில்லை. கடைசியில் சண்டை வந்தது. டஸ்கனி ரொட்டியில் உப்பே போட மாட்டார்கள். தொட்டுக்கொள்ளும் பாலாடைக்கட்டியும் இறைச்சியும் உப்பாக இருப்பதால் அதுதான் அங்கே பழக்கம். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று இவர் ரொட்டியைத் தள்ளிவைக்க, பருப்புப் பொடி டப்பாவை நான் ஹோட்டலிலேயே மறந்துவிட்டு வந்தது தெரிய, அங்கே தொடங்கி என் சித்தப்பா சீர் வைத்த விதம்வரை போனது. நல்ல சண்டை. ராத்திரி ஒரு மணிவரை பேசினோம். அதற்குப் பிறகுதான் எங்களுக்குள் 'நீங்க' கொஞ்சம் தளர்ந்தது.

மறுநாள் பான்யோ விஞ்ஞோனி. நான்கு தெரு ஊர். பியாட்சா, அதாவது ஊர்ச் சதுக்கம், இருக்க வேண்டிய இடத்தில் செவ்வகமாக ஒரு குளம், சுற்றிலும் கல் கட்டிய கரை, கரையோரம் வீடுகள். "நம்ம ஊருணி!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். கிட்டே போனால் தண்ணீரிலிருந்து ஆவி வருகிறது. வெந்நீர் ஊற்று. அதில் இறங்கக் கூடாது. ஊருக்குக் கீழே வழிந்தோடும் இடத்தில் காலை நனைக்கலாம். நனைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்தோம்.

பக்கத்தில் பியென்சா. இந்த ஊரில் பிறந்த ஒருவர் இரண்டாம் பயஸ் என்ற பெயரில் போப் ஆனதும், 1459-இல் கொத்தனார்களை அனுப்பிப் பிறந்த ஊரை இடித்துக் கட்ட ஆரம்பித்தார். கோயில், மாளிகை, சதுக்கம் எல்லாம் நான்கைந்து வருடத்தில் எழும்பின. அவர் 1464-இல் இறந்துபோனார். எங்கோ சம்பாதித்துப் பிறந்த மண்ணில் மாளிகை கட்டிவிட்டு அதில் குடியிருக்க முடியாமல் போவது நமக்குத் தெரியாத கதையா? கானாடுகாத்தானில் எங்கள் தெருவிலேயே பூட்டிய வீடுகள் எத்தனை!

சியென்னாவில் ஒரு திருப்பத்தில் "நேராப் போங்க" என்று சொன்னது நான்தான். இது பின்னால் வரும்.

காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ரயிலில் கடலுக்குப் போனோம். சிங்க்வே தெர்ரேவில் ஒரு பகல். அழகுதான், மறுக்கவில்லை. வெர்னாஸாவின் குட்டித் துறைமுகத்தில் கால் வைக்க இடமில்லை. கோர்னீலியாவில் ஸ்டேஷனிலிருந்து ஊருக்கு 370-க்கும் மேல் படிகள்; திருச்சி மலைக்கோட்டை என்று நினைத்து ஏறினோம். மாண்டெரோஸோவில் நெத்திலி தின்றோம். நம்ம வீட்டு நெத்திலி வறுவல் முன்னால் நிற்காது, ஆனால் எலுமிச்சை வாசனை தூக்கல். ஆறு மணி ரயிலில் கூட்டத்தோடு கூட்டமாய் நின்றுகொண்டு திரும்பும்போது, இதே சத்தத்தில் பன்னிரண்டு நாள் இருந்திருந்தால் சித்தப்பா கதை வெளியே வந்தே இருக்காது என்று தோன்றியது.

கடைசியாகக் கராரா. ரயிலிலிருந்து பார்த்தபோது மலையுச்சியில் பனி என்றே நினைத்தேன். பனி இல்லை, வெட்டிய கல். ரோமானியர் காலத்திலிருந்து வெட்டுகிறார்கள். மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலையும் இந்த மலைக் கல்தான். ஜீப்பில் மேலே கூட்டிப்போனார்கள். வீடு உயரத்துக்குப் பாளங்களை வைரமணி கோத்த கம்பியால் அறுக்கிறார்கள். அந்தக் காலத்தில் சோப்புத் தடவிய மரக்கட்டைகள்மேல் வைத்து, கயிற்றில் பிடித்தபடி மலையிலிருந்து கீழே சறுக்கி இறக்குவார்களாம். கயிறு அறுந்தால் ஆளும் போச்சு. இன்று வெட்டுவதில் பெரும்பங்கு துண்டும் தூளும். அது அரைபட்டுப் பற்பசைக்குக்கூடப் போகிறது. மழை பெய்தால் கீழே ஓடை பால் மாதிரி ஓடுமாம். பாதி மலை இல்லை. எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

பட்டாலைத் தரையின் படத்தை வழிகாட்டியிடம் காட்டினேன். பெரிதாக்கி ரேகையைப் பார்த்தார். இருக்கலாம், படத்தை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது என்றார். கீழே கிடந்த ஒரு சில்லை எடுத்துக் கையில் கொடுத்தார்.

மார்கழியில் பிள்ளையார் நோன்புக்குக் கானாடுகாத்தான் போனோம். அப்பத்தா இரும்புப் பெட்டியைத் திறந்து ஒரு கவரைப் பத்திரமாய் எடுத்துவந்தார். "வெளிநாட்டுக் கடுதாசி. வந்து ஒரு மாசமாச்சு. கையெழுத்துப் போட்டு வாங்கி வச்சேன்." அந்த வீட்டில் ரங்கூன் கடுதாசிகள் எல்லாம் இருந்த பெட்டி அது.

பிரித்தார் இவர். சியென்னா நகராட்சி. வெளியார் வண்டி நுழையக் கூடாத பழைய நகர எல்லைக்குள் நாங்கள் போனதற்கு அபராதம், கேமரா எடுத்த நேரத்தோடு. ஐந்து நாளில் கட்டியிருந்தால் முப்பது சதவீதம் தள்ளுபடியாம்.

"நல்ல சேதிதானே?" என்றார் அப்பத்தா.

"நல்ல சேதிதான் அப்பத்தா," என்று சொல்லிவிட்டு இவர் என்னைப் பார்த்தார்.