படுக்கை வாங்கினால் பயணம் இலவசம்: டிச்சீனோவில் இரண்டு பேர், இரண்டு முதுகுப்பை

சுவிட்சர்லாந்தில் எங்கே வேண்டுமானாலும் கட்டைவிரலைக் காட்டினால் கார் நிற்கும் என்று எழுதுகிறவர்கள், லுகானோவில் நெடுஞ்சாலைக்கு ஏறும் வழியில் இரண்டு பெரிய பைகளோடு ஒரு காலைப்பொழுது நின்று பார்த்துவிட்டு எழுதட்டும். ஊர் திரும்பி நாலு நாள்தான் ஆகிறது, எரிச்சல் இன்னும் ஆறவில்லை. லுகானோவிலிருந்து பெலின்சோனாவுக்கு ரயிலில் இருபது நிமிடம்கூட ஆகாது. 2020-ல் திறந்த செனெரி சுரங்கப் பாதை அவ்வளவு சுருக்கிவிட்டது. அந்த ரயில் ஹாஸ்டலில் தங்குகிறவர்களுக்கு இலவசம் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

அதனால் முதலில் அதையே சொல்லிவிடுகிறேன். டிச்சீனோ என்பது சுவிட்சர்லாந்தின் தெற்கு மாநிலம். பேச்சு, பெயர்ப்பலகை, சாப்பாடு எல்லாம் இத்தாலியம், விலை மட்டும் சுவிஸ். ஒரு ஃபிராங்க் நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட நிலையில் இங்கே ஒவ்வொரு பஸ் டிக்கெட்டும் வயிற்றைக் கலக்கும். ஆனால் இந்த மாநிலத்தில் ஹோட்டல், யூத் ஹாஸ்டல், கேம்ப்சைட் எதில் தங்கினாலும் 'டிச்சீனோ டிக்கெட்' என்று ஒன்று கொடுக்கிறார்கள். தங்கும் நாள் முழுக்க மாநிலத்துக்குள் ரயில், பஸ் எல்லாம் அதில் இலவசம். கிளம்பும் நாள் நள்ளிரவு வரை செல்லும் என்பதுதான் இதில் பெரிய லாபம். 3 இரவு தங்கினால் 4 நாள் ஓடலாம். ரோப் கார், படகு போன்றவற்றுக்குத் தள்ளுபடி மட்டும்தான். தனி வீடு வாடகைக்கு எடுத்தால் பெரும்பாலும் இது கிடைக்காது. இரண்டு பேர் சேர்ந்து மலிவாக ஒரு வீடு பிடித்துவிட்டோம் என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால் பஸ் காசையும் கூட்டிப் பாருங்கள்.

டார்மிட்டரி படுக்கைக்கு ஆளுக்கு 40 முதல் 55 ஃபிராங்க் வரை ஆகும். யூத் ஹாஸ்டல் உறுப்பினர் அட்டை இல்லையென்றால் இரவுக்கு இரவு கூடுதலாக வாங்குவார்கள். ஆகஸ்டில் லோகார்னோ பக்கம் போகவே வேண்டாம். 1946-லிருந்து நடக்கும் திரைப்பட விழா அப்போதுதான், படுக்கை கிடைக்காது, கிடைத்தாலும் விலை தாங்காது. கூடாரம் இருக்கிறதே, எங்காவது அடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் வேண்டாம். டிச்சீனோவில் கேம்ப்சைட்டுக்கு வெளியே கூடாரம் அடிக்க அனுமதி கிடையாது.

அப்படியானால் வழியில் போகிற காரில் லிஃப்ட் கேட்பது எதற்கு? பஸ் நின்றுபோன நேரத்துக்கும், மலைப் பள்ளத்தாக்குகளுக்கும், டிச்சீனோ டிக்கெட் செல்லாத இத்தாலி எல்லைப்பக்கத்துக்கும். அங்கே லிஃப்ட் அருமையாக வேலை செய்கிறது.

வெர்சாஸ்கா பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கொர்தோலாவில் தொடங்கி கடைசி ஊரான சொனோன்யோ வரை ஒரே ரோடுதான். மேலே போகிற கார் எல்லாம் நீங்கள் போகிற இடத்துக்கே போகிறது. கையில் பிடிக்கும் அட்டையில் ஊர்ப் பெயர் எழுதக்கூடத் தேவையில்லை. சிக்கல், ரோடு குறுகல். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் தடுப்புச் சுவர். கார் ஒதுங்கி நிற்க இடம் இல்லாவிட்டால் மனசு இருக்கிறவரும் நிறுத்த மாட்டார். பஸ் நிறுத்தத்தின் ஒதுங்குமிடம் முடிகிற முனையில் நில்லுங்கள், நடுவில் நின்றால் மஞ்சள் நிற போஸ்ட் பஸ்ஸுக்கு இடைஞ்சல். அந்த பஸ் வளைவில் திரும்பும் முன் மூன்று சுர ஹாரன் அடிக்கும். ரொசினியின் 'வில்லியம் டெல்' இசையிலிருந்து எடுத்த மூன்று சுரங்கள் அவை. அது காதில் விழுந்தால் உடனே சுவரோரம் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

கோடை சனி, ஞாயிறுகளில் லவெர்தெட்சோவின் இரட்டை வளைவுக் கல்பாலத்தைச் சுற்றி பார்க்கிங் காலையிலேயே நிரம்பிவிடும். இடம் தேடி அலைகிற கார்க்காரர் உங்களுக்காக நிற்க மாட்டார், அதனால் மேலே போக பஸ்ஸே மேல். சாயங்காலம் நிலைமை தலைகீழ். குளித்துவிட்டுக் கீழே இறங்கும் கார்களில் முக்கால்வாசி வடக்கே போகிறவை, நம்பர் பிளேட்டில் இசட்எச் என்று இருந்தால் சூரிச் ஆட்கள், ஜெர்மன் பேசுகிறவர்கள். 'தெனெரோ ஸ்டேஷன்' என்றால் போதும், புரிந்துகொள்வார்கள். தண்ணீர் பச்சைக் கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்று பாலத்துக்கு அடியில் குதிக்காதீர்கள். நடுக்கோடையிலும் பனிக்குளிர், பாறைகளுக்கு நடுவே இழுவையும் பலம். உயிர்கள் போயிருக்கின்றன.

மாஜ்ஜா பள்ளத்தாக்குக்கு நிற்க வேண்டிய இடம் பொந்தே பிரொல்லா. அங்கேதான் செந்தோவால்லி ரோடும் மாஜ்ஜா ரோடும் பிரிகின்றன. பிரிவுக்கு முன்னால் நின்றால் பாதிக் கார்கள் உங்களுக்குப் பயன்படாது, பிரிந்த பிறகு மாஜ்ஜா பக்கம் நூறு அடி நடந்துவிட்டு நில்லுங்கள். பிஞாஸ்கோவில் பள்ளத்தாக்கு மறுபடி இரண்டாகப் பிரியும். இடது கிளையான பவோனாவில் பல கல் கிராமங்களுக்கு இன்றும் மின்கம்பி போகவில்லை. ஃபொரோல்யோ அருவி அங்கேதான். 2024 ஜூன் கடைசியில் வந்த பெருவெள்ளம் இந்தப் பகுதியைப் புரட்டிப் போட்டது, விஸ்லெத்தோ பாலமே இடிந்து விழுந்தது. கிளம்புமுன் ரோடு நிலவரம் கேட்டுக்கொள்வது நல்லது.

நெடுஞ்சாலை விஷயம். சுவிஸிலும் சரி இத்தாலியிலும் சரி, பச்சைப் பலகை என்றால் மோட்டார்வே, நீலம் என்றால் சாதாரண முக்கிய சாலை. ஜெர்மனியில் பழகியவர்களுக்கு இது நேர்மாறாகத் தெரியும். பச்சைப் பலகையைத் தாண்டி நடந்து போவது சட்டப்படி குற்றம். இத்தாலியில் மோட்டார்வேயில் லிஃப்ட் கேட்பது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம். அங்கே நிற்காத கார்க்காரரைத் திட்டிப் பயனில்லை.

எந்த நேரத்தில் எந்தப் பக்கம் நிற்பது என்பதையும் இங்கே வேலைக்கு வருகிறவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். இத்தாலியில் குடியிருந்துகொண்டு டிச்சீனோவில் வேலை பார்க்கிறவர்கள் 70,000-க்கும் மேல், 'ஃப்ரொந்தாலியேரி' என்பார்கள். விடிகாலையில் எல்லைச் சாலைகள் வடக்கு நோக்கி நிரம்பி வழியும், சாயங்காலம் 5 மணிக்கு மேல் தெற்கு நோக்கி. காலையில் தெற்கே போக நின்றால் ரோடு காலி. அவசரமாக வேலைக்கு ஓடுகிறவர் காலையில் நிறுத்த மாட்டார், வீடு திரும்பும்போது நிறுத்துவார்.

எல்லையைக் காரில் தாண்டாதீர்கள். அறிமுகமில்லாத இரண்டு பேர் பெரிய பையோடு பின்சீட்டில் இருந்தால் சுங்கக்காரர் ஓரங்கட்டச் சொல்லலாம் என்ற பயம் ஓட்டுநருக்கு உண்டு. அவருடைய டிக்கியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது. எல்லை ஊரான கியாசோவில் இறங்கி, பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தே இத்தாலியப் பக்கத்துப் பொந்தே கியாசோ போங்கள். ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை. அந்தப் பக்கம் போய் மறுபடி கையை நீட்டலாம். ஷெங்கன் விசா இரண்டு நாட்டுக்கும் ஒன்றே. ஆனால் போன் சிம் அப்படியில்லை. சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாததால் இத்தாலிய சிம்மின் இலவச ரோமிங் பல திட்டங்களில் இங்கே செல்லாது. எல்லையோர ஊர்களில் போன் தானாகவே அடுத்த நாட்டு நெட்வொர்க்குக்குத் தாவிவிடும். இத்தாலியப் பக்கம் நிற்கும்போதே ரோமிங்கை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வரைபடம் ஒருமுறை திறந்ததற்கே பேலன்ஸ் காலி.

இரண்டு பேராக லிஃப்ட் கேட்பதில் ஒரு விதி: கூட்டாளியை மறைக்காதீர்கள். ஒருவர் மட்டும் கைநீட்டி, கார் நின்றதும் இன்னொருவர் புதரிலிருந்து வந்தால் பிரேக்கிலிருந்து கால் எடுத்துவிடுவார்கள், நியாயம்தான். இருவரும், இரு பைகளும் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். பெரிய அட்டையில் பக்கத்து ஊரின் பெயரை இத்தாலியத்தில் எழுதுங்கள். சூரிச் இங்கே 'சூரிகோ', கூர் நகரம் 'கோய்ரா', வடக்கே போக 'சான் கொத்தார்தோ'. தூர ஊர் எழுதினால் பாதி வழி போகிறவர் நிற்கமாட்டார். நின்றதும் முதலில் 'தோவே வா?' என்று அவர் எங்கே போகிறார் எனக் கேளுங்கள். பதிலைக் கேட்டு, ஆளைப் பார்த்து, பிடிக்காவிட்டால் 'எங்கள் வழி வேறு' என்று நன்றி சொல்லி விலகிவிட அது வசதி. பிடித்திருந்தால் 'ச்சி தா உன் பஸ்ஸாஜ்ஜோ?', எங்களை ஏற்றிக்கொள்வீர்களா என்று அர்த்தம். நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஏறுங்கள். பாஸ்போர்ட், பணம் இருக்கும் சிறிய பை மடியில்தான் இருக்க வேண்டும், டிக்கியில் போடக் கூடாது.

வரிசையாக ஊர் ஊராக எழுத நினைத்தேன், ஆனால் சோலியோ என்ற மலைக் கிராமத்தைப் பற்றிச் சொல்லாமல் அடுத்ததற்குப் போக மனம் வரவில்லை. மிலானோவிலிருந்து ரயிலில் கொலிகோ, அங்கே மாறி கியாவென்னா. அங்கிருந்து பத்து கிலோமீட்டரில் கஸ்தசேன்யா எல்லை, இதையும் நடந்தே தாண்டினால் பிரெகாலியா பள்ளத்தாக்கின் சுவிஸ் பகுதி. இது டிச்சீனோ அல்ல, கிராவ்புண்டன் மாநிலத்தின் இத்தாலியம் பேசும் மூலை. அதனால் டிச்சீனோ டிக்கெட் இங்கே செல்லாது, லிஃப்ட்தான் கைகொடுக்கும். காலையில் கியாவென்னா ஆட்கள் மலோயா கணவாய் வழியாக செயின்ட் மோரிட்ஸ் பக்கம் வேலைக்குப் போகிறார்கள். ஒரே காரில் நாலு பேராகப் போவதால் இடம் இருக்காது, எட்டு மணிக்குப் பிறகு வரும் கார்களை நம்புங்கள். ப்ரொமொன்தொன்யோவில் இறங்கிக் கஷ்கொட்டை மரங்களுக்குள்ளே ஏறினால் 1,090 மீட்டர் உயரத்தில் சோலியோ. கல் பலகை வேய்ந்த கூரைகள் ஒன்றோடொன்று இடிக்கும் சந்துகள். எதிரே ஷோரா சிகரங்கள் ஊசி ஊசியாக நிற்கின்றன. ஊருக்கு நடுவே கல்தொட்டியில் குழாய்த் தண்ணீர் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கிறது. 'நொன் பொதாபிலே' (குடிநீர் அல்ல) என்று எழுதியிருக்காவிட்டால் சுவிஸ் கிராமத்துத் தொட்டித் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். பாட்டில் தண்ணீருக்கு ஒரு ஃபிராங்க்கூடக் கொடுக்காதீர்கள்.

இத்தாலியப் பக்கம், கோமோவிலிருந்து மெனாஜ்ஜோவுக்கு கோமோ ஏரியின் மேற்குக் கரை பஸ்ஸில் கோடையில் ஏறவே ஏறாதீர்கள். ரோடு அவ்வளவு குறுகல், எதிரே இன்னொரு பஸ் வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். கோமோவிலேயே நிரம்பிவிடுவதால் நடுவில் உள்ள நிறுத்தங்களில் கைகாட்டினாலும் நிற்காமல் போகும். கிழக்குக் கரையில் மிலானோ ரயிலில் வரென்னா வந்து, கால்மணி நேரப் படகில் மெனாஜ்ஜோ போய்விடுங்கள். அங்கிருந்து லுகானோவுக்கு நேர் பஸ் உண்டு. டிக்கெட்டை வெள்ளை 'டி' எழுத்து போட்ட புகையிலைக் கடையில் முன்கூட்டியே வாங்குங்கள். இத்தாலியின் காகித ரயில் டிக்கெட்டை நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்தாமல் ஏறினால் அபராதம், தெரியாது என்றால் விடமாட்டார்கள்.

சாப்பாடு. டிச்சீனோவில் தினமும் ஹோட்டலில் சாப்பிட நினைத்தால் நாலாம் நாள் காசு தீரும். மிக்ரோஸ், கோப் கடைகளில் மூடும் நேரத்துக்கு முன் போனால் அன்றைய உணவில் தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். இங்கத்து இத்தாலியத்தில் தள்ளுபடிக்கு 'அத்சியோனே' என்று பெயர், அந்த வார்த்தையைத் தேடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷன் கடைகள் தவிர ஏறக்குறைய எல்லாம் மூடல், சனிக்கிழமையே இரண்டு நாளுக்கு வாங்கிவிட வேண்டும். 'பானே திச்சினேசே' ரொட்டி குட்டிக் குட்டி உருண்டைகளாக ஒட்டியிருக்கும், கத்தி வேண்டாம், பிய்த்துப் பிய்த்துப் பங்கு போடலாம்.

ஆனால் ஒரே ஒரு வேளை 'க்ரொத்தோ'வில் சாப்பிடுங்கள், அதற்காக மூன்று நாள் ரொட்டி தின்றாலும் பரவாயில்லை. பியாஸ்காவில் மலைப்பாறையின் அடியில் வரிசையாக இருக்கின்றன. பாறைப் பிளவிலிருந்து வரும் குளிர்க்காற்றில் அந்தக் காலத்தில் ஒயினும் பாலாடைக்கட்டியும் வைத்த நிலவறைகள் இவை. மரநிழலில் கிரானைட் மேசை, கிரானைட் பெஞ்சு. செம்புக் கொப்பரையில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் கிளறிய சோள மாவுக் களி, அதுதான் பொலென்தா. கரண்டியால் அள்ளி வைத்தால் ஓரம் பொன்னிறமாக இறுகி, நடுவில் ஆவி பறக்கும். நடுவே குழித்து கொர்கொன்சோலா கட்டியை வைத்தால் தானாக உருகி இறங்கும். இறைச்சி சாப்பிடாதவர்கள் இதையே கேட்கலாம், மினெஸ்த்ரோனே சூப்பில் பன்றிக்கொழுப்பு சேர்க்கிறார்களா என்று மட்டும் விசாரியுங்கள். ஒரு தட்டு 20 ஃபிராங்குக்குக் குறையாது, அளவு பெரிது, இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளலாம். கூடவே கம்பி மூடி போட்ட பாட்டிலில் 'கசோசா' என்ற எலுமிச்சைச் சோடா. குளிர்காலத்தில் பல க்ரொத்தோக்கள் திறப்பதில்லை.

பில் கட்டும்போது யூரோ நோட்டை நீட்டாதீர்கள். வாங்கிக்கொள்வார்கள், ஆனால் தங்கள் கணக்கில் மாற்றி, மிச்சத்தை ஃபிராங்கில் தருவார்கள், கண்ணெதிரே காசு கரையும். அட்டை இயந்திரம் எந்தப் பணத்தில் என்று கேட்டால் எப்போதும் ஃபிராங்க் என்பதையே அழுத்துங்கள்.

இத்தாலிக்குத் திரும்ப செந்தோவால்லி ரயிலை வைத்துக்கொள்ளுங்கள்: லோகார்னோவிலிருந்து தோமோதோசோலா, 52 கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, 1923-ல் போட்ட பாதை. டிச்சீனோ டிக்கெட் எல்லை ஸ்டேஷனான கமேதோ வரை செல்லும். அதனால் லோகார்னோ கவுன்ட்டரில் 'கமேதோவிலிருந்து தோமோதோசோலா வரை' என்று கேட்டு அந்தத் துண்டுக்கு மட்டும் வாங்குங்கள். பனோரமா ரயிலுக்குக் கூடுதல் கட்டணம் உண்டு, சாதாரண ரயிலிலும் அதே பள்ளத்தாக்குதான். இடது பக்கம் உட்காருங்கள், ஆற்றுப் பள்ளம் அந்தப் பக்கம்தான். சனிக்கிழமை போனால் தோமோதோசோலாவில் சந்தை நாள், பசித்த வயிற்றோடு இறங்குங்கள்.