ஓடும் சர்வரில் பேக்கப்

ராத்திரி 2 மணிக்கு யார் வேலை பார்க்கப்போகிறார்கள், அப்போது பேக்கப் எடுத்தால் போதும் என்பது ஒரே ஷிஃப்ட் ஓடிய காலத்து ஏற்பாடு. பெங்களூரு பீன்யாவில் நான் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் உதிரிபாகத் தொழிற்சாலையில் இப்போது மூன்று ஷிஃப்ட். நடுராத்திரியிலும் சரக்கு இறங்குகிறது, ஸ்டோர்ஸில் பில் விழுகிறது. பழைய ஸ்கிரிப்ட் மட்டும் அதே 2 மணிக்கு, ஃபைல்களை ஒரே ஃபைலாகக் கட்டிவைக்கும் டார் (tar) கட்டளையை ஓட்டிக்கொண்டிருந்தது.

டார் ஃபைல்களை ஒவ்வொன்றாகத்தான் படிக்கும். முதல் ஃபைலைப் படித்த நேரம் வேறு, கடைசி ஃபைலைப் படித்த நேரம் வேறு. இன்னும் படிக்காத ஃபோல்டரிலிருந்து, படித்து முடித்த ஃபோல்டருக்கு யாராவது ஒரு ஃபைலை நகர்த்தினால் பேக்கப்பில் அது எங்குமே இருக்காது. அதற்கு எச்சரிக்கையும் வராது. படித்துக்கொண்டிருக்கிற ஃபைலே மாறினால் மட்டும் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு, முடியும்போது எக்ஸிட் கோட் 1 தரும்; முழுசாகச் சரியில்லை என்று அர்த்தம்.

எங்கள் லாகில் அந்த வரி தினமும் இருந்தது. “அது சும்மா வார்னிங்தான் அண்ணா, எரர் இல்லையே” என்றான் கூட வேலை பார்க்கும் கிருஷ்ணகிரித் தம்பி. சரி, வேறொரு மெஷினில் ரெஸ்டோர் செய்து பார்ப்போம் என்றேன். ஃபைல்கள் எல்லாம் வந்தன. ஆனால் டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல் எழவே இல்லை. டேட்டா ஃபைல் ஒரு நேரத்தில் நின்றது, மாற்றங்களைக் குறித்துவைக்கும் ரீடூ லாக் வேறொரு நேரத்தில் நின்றது.

அப்புறம் எல்விஎம் ஸ்னாப்ஷாட்டுக்கு மாறினோம். எல்விஎம் என்பது லினக்ஸில் டிஸ்க் இடத்தை வால்யூம்களாகப் பிரித்துத் தருவது; ஸ்னாப்ஷாட் ஒரு வால்யூமின் ஒரு கணத்து நிலையைப் பிடித்துவைப்பது. ஸ்னாப்ஷாட் எடுக்கும் கணத்தில் ஃபைல் சிஸ்டம் உறைந்து, உடனே விடுபடும். அதன்பின் டிஸ்க்கில் எந்த பிளாக்கை (சிறு துண்டை) மாற்றி எழுதினாலும் பழைய உள்ளடக்கம் முதலில் தனி இடத்துக்குப் போகும். டார் அந்தப் பழைய கணத்தை நிதானமாகப் படிக்கலாம். ஆனால் அந்தத் தனி இடம் நிரம்பினால் ஸ்னாப்ஷாட்டே செல்லாமல் போய்விடும். மாதக்கடைசியில் எழுத்து அதிகம், அதனால் தாராளமாக ஒதுக்க வேண்டும்.

ஸ்னாப்ஷாட் எடுக்கும் நேரத்தில் யாரும் எழுதாதபடி, அதற்கு முன் மைஎஸ்க்யூஎல் டேபிள்களைப் பூட்டத் தம்பி ஒரு ஸ்கிரிப்ட் எழுதினான். பூட்டும் கட்டளையைக் கொடுத்ததும் டேட்டாபேஸுடனான அந்த இணைப்பு மூடிக்கொண்டது. இணைப்பு போனால் பூட்டும் போகும். ஆக, ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது பூட்டே இல்லை. அவனும் நானும் உட்கார்ந்து, இணைப்பைத் திறந்தே வைத்து, ஸ்னாப்ஷாட் முடிந்ததும் விடுவிக்கும்படி மாற்றினோம். மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியின் டேபிள்களுக்கு அந்தப் பூட்டு இல்லாவிட்டாலும், கரண்ட் போய் வந்ததுபோல் எண்ணி அது தானே மீண்டுகொள்ளும். ஆனால் டேட்டாவும் ரீடூ லாகும் ஒரே கணத்தில் பிடிபட்டிருக்க வேண்டும். வேகத்துக்காக ரீடூ லாகை இன்னொரு வால்யூமில் வைத்திருந்தார்கள். இரண்டையும் ஒரே வால்யூமுக்குக் கொண்டுவந்த பிறகுதான் எனக்கு நிம்மதி.

இந்தச் சங்கடம் பழசு. ஓடுகிற லினக்ஸில், பேக்கப் எடுக்கும் பழைய டம்ப் (dump) கட்டளையை நம்ப வேண்டாம் என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2001லேயே கறாராக எழுதினார். டம்ப் டிஸ்க்கை நேரடியாகப் படிக்கும். புதிதாக எழுதியது இன்னும் மெமரியிலேயே இருக்கக்கூடும்.

ஸ்னாப்ஷாட் இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று மேனேஜர் கேட்டார். அதுவும் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது சார், டிஸ்க் போனால் இரண்டும் போகும் என்றேன். இப்போது டார் ஃபைல் வேறொரு கட்டிடத்துக்குப் போகிறது. வாராவாரம் தம்பி அதை ரெஸ்டோர் செய்து, கடைசி பில் நம்பரை ஸ்டோர்ஸ் ரிஜிஸ்டரில் அந்த நேரத்துக்கு எழுதியிருப்பதோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடுகிறான்.