பொய்கைச் சந்தையில் விலை போகாத புலிக்கோடு

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆடி மாதத்து மழை ராத்திரி ஒன்றில் எங்கள் வீட்டுக் கருப்பு மாடு கன்று போட்டது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் கன்றின் உடம்பெல்லாம் சேறு அப்பியிருந்த மாதிரி தெரிந்தது, நைனா வைக்கோலை வைத்துத் துடைத்தார், துடைக்கத் துடைக்கப் போகவே இல்லை. விடிந்த பிறகுதான் புரிந்தது, அது சேறு இல்லை, கோடு. செம்பழுப்பு உடம்பில் முதுகிலிருந்து வயிறு வரைக்கும் கருப்புக் கருப்பாகப் புலிக்கோடு. கிடேரிக் கன்று.

எங்கள் ஊர் வேலூர் மாவட்டத்து அணைக்கட்டுப் பக்கம். காலை எட்டு மணிக்குள் பாதித் தெரு தொழுவத்தில் நின்றது. தாய் மாடு வயிற்றில் மட்டும் கொஞ்சம் வெள்ளை, மற்றபடி கன்னங்கரேல் என்று இருக்கும் ஹோல்ஸ்டீன் கலப்பு. போட்ட சினை ஊசி ஜெர்சி. இரண்டுக்கும் நடுவில் புலி எங்கிருந்து வந்தது? பக்கத்து வீட்டு மாமா ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "ஊசி போட்டவர் குச்சியை மாத்திட்டார்பா." ஆயா மட்டும் அசரவில்லை. கன்றுக்குட்டி நிறத்தை நம்பாதே, ஆறு மாதத்தில் மாறிவிடும் என்றார்.

ஆயா சொன்னது சும்மா இல்லை. எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் ஏருக்குக் காங்கேயம் மாடுகள் இருந்தன. காங்கேயம் கன்று பிறக்கும்போது சிவப்பாக இருக்கும், ஏறக்குறைய ஆறு மாதத்தில் சாம்பலுக்குத் திரும்பிவிடும். உம்பளாச்சேரியும் அப்படித்தான். இன்னொன்றும் நைனா சொல்லுவார்: காளையாக இருக்கும்வரை திமிலிலும் தொடையிலும் கருத்துக் கிடக்கும், காயடித்து ஏரில் பூட்டினால் அந்தக் கருப்பு வெளுத்துப் போகும். அது ஆண் ஹார்மோன் செய்கிற வேலை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும், அவருக்குக் கண்ணால் பார்த்தே தெரிந்திருக்கிறது.

ஆனால் எங்கள் புலி மாறவில்லை. ஆறு மாதம் கழித்துக் கோடு இன்னும் அழுத்தமாகத்தான் ஆனது.

இந்த நேரத்தில்தான் சித்தப்பா பையன் ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துப் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே மாடு பாலுக்கு இல்லை, கறிக்கு. நம் பக்கம் கறிக்கென்றே இனம் வளர்க்கும் வழக்கம் கிடையாது. பால் வற்றியதும், உழைத்து ஓய்ந்ததும், யாருக்கும் வேண்டாத ஜெர்சி காளைக் கன்றும்தான் ஆம்பூர் பிரியாணிக்குப் போகிறது. அங்கே அதற்கென்று தனி இனங்கள், இனத்தோடு இனம் கலந்து வளர்க்கிறார்கள், கலப்பதற்குத் தனிக் கணக்கு. பையன் வாட்சப்பில் படம் படமாக அனுப்பினான். நைனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பெரிசு பண்ணிப் பார்ப்பார். ஒரு படத்தில் நிறுத்தி, "டேய், இது நெல்லூர் மாடு மாதிரி இல்ல இருக்குது, திமிலைப் பாரு, அலைதாடியைப் பாரு" என்றார்.

அவர் பார்த்தது சரிதான். அந்த இனத்துக்குப் பெயர் அமெரிக்கன் பிராமன். ஓங்கோல், கிர், காங்கிரேஜ் என்று இங்கிருந்து கப்பலேறிப் போன முன்னூறுக்கும் குறைவான மாடுகளை வைத்து அமெரிக்காவில் உருவாக்கிய இனம், 1933-ல் அமெரிக்காவிலிருந்து குயின்ஸ்லாந்துக்குப் போனது. வெயில் தாங்கும், உண்ணியை எதிர்த்து நிற்கும், அதற்காகத்தான் கொண்டுபோனார்கள். பிரேசிலில் அதே ஓங்கோலுக்குப் பெயரே நெலோரே, நம் நெல்லூர்தான், அந்த நாட்டுக் கறி மாடுகளில் மிகப் பெரும்பகுதி அந்த ரத்தம். திருப்பதி தாண்டினால் வருகிற ஊர்! நைனாவுக்கு அன்றைக்கு முழுக்க ஒரே பெருமை, ஏதோ அவரே கப்பலேற்றி அனுப்பிய மாதிரி.

அடுத்த படத்தில் எங்கள் புலி இருந்தது. அதாவது அதே கோடு, ஆனால் மூஞ்சி முழுக்க வெள்ளை. பிராமனையும் ஹெர்ஃபோர்டு என்கிற சிவப்பு இங்கிலாந்து மாட்டையும் சேர்த்தால் இப்படி வருமாம். தாயும் தகப்பனும் இரண்டிலும் கோடு இல்லை, பிள்ளைக்கு மட்டும் கோடு. இதைப் படித்த பிறகுதான் நான் உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன், ஒரு வாரம் தூக்கம் போச்சு.

எனக்குப் புரிந்தது இவ்வளவு. மாட்டு முடிக்கு மை இரண்டுதான், கருப்பு, சிவப்பு. எம்சி1ஆர் என்று ஒரு மரபணு, எந்த மை ஊற வேண்டும் என்பதை அதுதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. அதில் மூன்று முக்கிய வகை. ஒன்று, எல்லாவற்றையும் மூடிவிடும் கருப்பு, ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும். இன்னொன்று, இரண்டு பக்கமும் சேர்ந்து வந்தால் மட்டும் தெரிகிற சிவப்பு. நடுவில் இருப்பது காட்டு மாட்டு வகை, அது இரண்டு மையையும் உடம்பில் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று விட்டுக்கொடுக்கும். கோடு போடுகிற மரபணு வேறொன்று, அதற்குக் கோடு வரைய இந்த நடு வகை வேண்டும். ஹெர்ஃபோர்டிடம் கோடு இருக்கலாம், ஆனால் அதன் முடியில் கருப்பு மையே ஊறாது, பிறகு எதை வைத்து வரைவது? பிராமனிடம் நடு வகை இருக்கிறது, கோடு இல்லை. இரண்டும் சேர்ந்தால் எழுதத் தெரிந்தவனுக்குப் பேனா கிடைத்த கதை.

எங்கள் வீட்டுக் கதை இதற்குத் தலைகீழ் என்பது என் ஊகம். ஜெர்சியிலும் இந்தக் கோடு உண்டு. எங்கள் கருப்பு மாட்டின் தாய் ஒரு ஜெர்சி, ஆயாவின் செல்லம், அது செத்துப் பத்து வருஷம் இருக்கும். கருப்புக்கு அடியில் பாட்டியின் சொத்து மறைந்தே கிடந்திருக்க வேண்டும். கன்று கருப்பை விட்டுவிட்டு அடியில் இருந்ததை வாங்கிக்கொண்டது. ஆக ஊசி போட்டவர் மேல் தப்பே இல்லை. மாமாவிடம் இதைச் சொன்னேன், தலையை ஆட்டினார், நம்பவில்லை.

பையன் அனுப்பிய மற்றப் படங்களும் லேசுப்பட்டவை இல்லை. ஆங்கஸ் என்கிற கருப்புக் கறி மாட்டோடு ஷரோலே என்கிற பிரான்ஸ் நாட்டு வெள்ளை மாட்டைச் சேர்த்தால் கன்று கருப்பும் இல்லை வெள்ளையும் இல்லை, அடுப்புச் சாம்பல் நிறம். அதே ஷரோலேயைச் சிவப்பு மாட்டோடு சேர்த்தால் சந்தன மஞ்சள். மையில் தண்ணி ஊற்றுகிற மரபணு ஒன்று ஷரோலேயில் இருக்கிறது, ஒரு பங்கு வந்தால் பாதி வெளுப்பு, இரண்டு பங்கு வந்தால் ஏறக்குறைய முழு வெள்ளை. ஷார்ட்ஹார்ன் மாட்டில் வேறு கூத்து: சிவப்பும் வெள்ளையும் சேர்ந்தால் சிவப்பு முடியும் வெள்ளை முடியும் கலந்து, மிளகாய்த்தூளையும் உப்பையும் கலந்து தூவின மாதிரி ஒரு உடம்பு. அந்தக் கலவையை அதே கலவையோடு சேர்த்தால் நாலில் ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை, மீதி இரண்டு மறுபடி கலவை என்ற விகிதம். ஹெர்ஃபோர்டின் வெள்ளை மூஞ்சி எதோடு சேர்த்தாலும் விடாது. நம் ஊர் நெத்திச் சுட்டியெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை, கருப்பு உடம்பில் மூஞ்சி மட்டும் சுண்ணாம்பு அடித்தது போல.

எனக்குப் பாவமாக இருந்தது வால் முடி இல்லாத கன்றைப் பார்த்தபோதுதான். சிமென்டல் இனத்தில் சிலவற்றுக்கு நிறத்தை வெளுக்க வைக்கும் மரபணு உண்டு. அது கருப்பு ஆங்கஸோடு சேரும்போது சில கன்றுகள் சாம்பலாக, சுருட்டையான அரைகுறை முடியோடு, வாலில் குஞ்சமே இல்லாமல் பிறக்கின்றன. எலிவால் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சிவப்பு மாட்டோடு சேர்ந்தால் இந்தத் தொல்லை இல்லை, கருப்பு மை இருக்கும் இடத்தில்தான் வருகிறது. நிறம் என்றால் வெறும் பெயின்ட் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். குஞ்சம் இல்லாமல் ஈயை எப்படி ஓட்டும், சொல்லுங்கள்.

சரி, சந்தைக்கு வருகிறேன். கிடேரிக்கு ஒன்றரை வயதானபோது பணமுடை, பொய்கை ஊர் மாட்டுச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனோம். செவ்வாய்க்கிழமை, விடியற்காலையிலேயே நெடுஞ்சாலை ஓரமெல்லாம் டாட்டா ஏஸ் வண்டிகள். நைனா மனசில் வைத்திருந்தது 25,000. தரகர் ஒருவர் வந்தார், பல்லைப் பார்த்தார், மடியைத் தடவினார், முதுகில் சுழி பார்த்தார். சுழி பார்ப்பதை நான் முன்னே கிண்டல் செய்வேன், இப்போது கொஞ்சம் அடக்கி வாசிக்கிறேன், ஏனென்றால் நெற்றிச் சுழி கண்ணுக்கு மேலே ஏறியிருக்கும் மாடுகள் கட்டுப்படுத்தும்போது அதிகம் மிரள்கின்றன என்று மாட்டு நடத்தை ஆய்வாளர் டெம்பிள் கிராண்டின் குழு 1995-லேயே ஆய்வு வெளியிட்டிருக்கிறது. சுழி சரியில்லாவிட்டால் தாலி தங்காது, குடி கெடும் என்பதெல்லாம் வேறு விஷயம், அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை.

விலை பேசத் துண்டைப் போட்டுக் கையை மூடி விரலைப் பிடித்தார்கள். நைனாவின் முகம் சுருங்கியது. 17,000. "மாடு நல்ல மாடுதான் நாயுடு, கோடுதான் உதைக்குது. எந்த ஜாதின்னு கேட்டா வாங்கறவன்கிட்ட நான் என்னான்னு சொல்ல?" நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார், பேச்சே இல்லை, கயிற்றை அவிழ்த்துவிட்டார். வண்டி வாடகை தண்டம்.

தரகரைத் திட்டவும் மனசு வரவில்லை. நிறத்தை வைத்து ஜாதியை ஊகிப்பது உலகம் பூரா நடக்கிறது. அமெரிக்காவில் 1978-ல் ஆங்கஸ் சங்கம் தன் கறிக்கென்று ஒரு முத்திரை கொண்டுவந்தது, அதற்குள் நுழைய முதல் தகுதி தோலில் பாதிக்கு மேல் கருப்பாக இருப்பது. கருப்புக் கன்றுக்குக் கூடுதல் விலை. உடனே என்ன ஆனது? சிமென்டல், லிமோசின் வளர்த்தவர்களெல்லாம் தங்கள் சிவப்பு, மஞ்சள் மாடுகளில் ஆங்கஸைக் கலந்து கலந்து கருப்பாக்கிவிட்டார்கள். இப்போது கருப்பாக இருந்தால் ஆங்கஸ் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதே ஆங்கஸிலேயே மறைந்திருக்கும் சிவப்பு இரண்டு பக்கமும் சேர்ந்துவிட்டால் கருப்பு ஜோடிக்குச் செவலைக் கன்று பிறக்கிறது, நூற்றுக்கு நூறு சுத்த ஜாதி, ஆனால் நிறம் தப்பு.

பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்யும் என் நண்பனிடம் இந்தப் புலம்பலைச் சொன்னேன். அவன் சிரித்தான். சுண்ணாம்பும் சல்ஃபைடும் போட்ட தண்ணியில் தோல் ஊறினால் முடி மொத்தமும் கரைந்து கொழகொழவென்று வந்துவிடும், மிச்சமிருக்கும் நிறத்தையும் வழித்து எடுத்துவிடுவார்கள், பதனிடும் குரோம் உப்பு ஏறியதும் செவலை, காரி, மயிலை எல்லாம் ஒரே வெளிர் நீலம். "எங்களுக்கு உண்ணி கடிச்ச ஓட்டையும் சூடு போட்ட தழும்பும்தான்டா கண்ணுல படும்" என்றான்.

கிடேரி இப்போது எங்கள் வீட்டிலேயே இருக்கிறது, எட்டு மாதச் சினை. தெருவில் பந்தயம் ஓடுகிறது, கோடு வருமா வராதா என்று. போன ஞாயிற்றுக்கிழமை பையன் வீடியோவில் பேசினான். அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம் இந்த மாதிரிக் கோடு போட்ட பிராமன்-ஹெர்ஃபோர்டு கிடேரிக்குத் தனிக் கிராக்கி, கோட்டைப் பார்த்தாலே முதல் கலப்பு என்று தெரிந்துவிடும், முதல் கலப்பு என்றால் வெயிலும் தாங்கும், வருஷா வருஷம் கன்றும் போடும், அதனால் மற்ற மாட்டைவிடக் கூடக் கொடுத்து வாங்குகிறார்கள் என்றான். நம்முடையது அந்த ஜோடி இல்லை, கோடு மட்டும்தான் ஒன்று என்று நான் நடுவில் புகுந்து சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை.

நைனா போனை வாங்கிக் கிட்டே வைத்துக்கொண்டு கேட்டார், "கோட்டுக்குக் கூடக் காசு குடுக்கறானா?"

"ஆமா பெரிப்பா."

"அப்போ அவனை ஒரு செவ்வாக்கிழமை பொய்கைக்கு வரச் சொல்லுடா."