கிளஸ்டரிங், செஷன் ரெப்ளிகேஷன்: எப்படிப் படித்தேன், எதைக் கேட்கிறார்கள்

ஜாவா வெப் சர்டிஃபிகேஷனுக்குப் படிக்கிறவர்கள் சர்வ்லெட், ஜேஎஸ்பி, ஃபில்டர் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்துவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டட் அப்ளிகேஷன் (பல சர்வர்களில் பரவி ஓடுவது) என்று வரும் ஒன்றிரண்டு பக்கங்களை மட்டும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தேர்விலும் சரி, பிறகு வரும் இன்டர்வியூவிலும் சரி, திணற வைப்பது அந்தப் பக்கங்கள்தான். மனப்பாடம் செய்தால் இது நிற்காது. செய்து பார்த்தால் ஒரே மாலையில் பிடிபட்டுவிடும். எனக்கு அப்படித்தான் பிடிபட்டது.

படிக்க உட்காரும்போது ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தத் தகவல் இப்போது எந்த ஜேவிஎம்மின் (ஜாவா நிரலை ஓட்டும் புராசஸ்) மெமரியில் இருக்கிறது? ஒரே சர்வர் இருக்கும்வரை இந்தக் கேள்விக்கு வேலையே இல்லை. லாகின் விவரம், கார்ட்டில் போட்ட பொருள் என்று ஒரு பயனரைப் பற்றி சர்வர் நினைவில் வைத்திருக்கும் தகவல்தான் செஷன், அது எல்லாம் அதன் மெமரியில்தான் இருக்கும். கூட்டம் அதிகமாகி இரண்டாவது சர்வரைச் சேர்த்து ரிக்வெஸ்ட்டுகளைப் பிரித்து அனுப்ப முன்னால் ஒரு லோட் பேலன்சரை வைத்ததும், அடுத்த ரிக்வெஸ்ட் இரண்டாவது சர்வருக்குப் போகிறது, அதற்கு அந்த செஷன் ஐடி யாருடையது என்றே தெரியாது, பயனர் மறுபடி லாகின் பக்கத்தில் வந்து நிற்கிறார். ஸ்டிக்கி செஷன் (ஒருவரை எப்போதும் ஒரே சர்வருக்கு அனுப்புவது), ரெப்ளிகேஷன் (செஷனின் பிரதியை மற்ற சர்வர்களிலும் வைப்பது), பொது ஸ்டோர், டோக்கன் எல்லாமே இந்த ஒரு சிக்கலுக்கான வெவ்வேறு பதில்கள்.

ஸ்டிக்கி செஷன் எளிது. டாம்கேட் என்ற ஜாவா சர்வரில் ஒவ்வொரு நோடுக்கும் (கிளஸ்டர் எனும் சர்வர் கூட்டத்தில் உள்ள ஒரு சர்வர்) ஜேவிஎம்ரூட் என்று ஒரு பெயர் கொடுத்தால், ஜேசெஷன்ஐடி குக்கியின் மதிப்புக்குப் பின்னால் ஒரு புள்ளியும் அந்தப் பெயரும் ஒட்டிக்கொள்ளும். பேலன்சர் அதைப் பார்த்து அதே நோடுக்கு அனுப்பும். நோடு விழுந்தால் அதிலிருந்த செஷன்களும் போய்விடும். என்ஜின்எக்ஸ் என்ற சர்வரை பேலன்சராக வைத்தால், பயனரின் ஐபி முகவரியை வைத்து சர்வரைத் தேர்ந்தெடுக்கும் அதன் ஐபி ஹேஷ் முறையில் ஐபிவி4 முகவரியின் முதல் மூன்று பகுதிகளை மட்டுமே கணக்கில் எடுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரே நெட்வொர்க்கிலிருந்து வருகிற அத்தனை பேரும் ஒரே சர்வரில் போய்க் குவிவது இதனால்தான்.

இனி செய்முறை. ஒரே கணினியில் இரண்டு டாம்கேட்டுகளை வையுங்கள். இரண்டாவதில் 8005, 8080 ஆகிய போர்ட்டுகளை மாற்றுங்கள், இரண்டுக்கும் வெவ்வேறு ஜேவிஎம்ரூட் கொடுங்கள், சர்வர்.எக்ஸ்எம்எல் ஃபைலில் கமென்ட்டாகக் கிடக்கும் கிளஸ்டர் வரியைத் திறந்துவிடுங்கள். இரண்டும் 228.0.0.4 என்ற மல்டிகாஸ்ட் முகவரியில், 45564 போர்ட்டில் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். செஷன் தகவல் 4000 முதல் 4100 வரையுள்ள ஏதாவது ஒரு போர்ட் வழியாகப் போகும். முன்னால் அப்பாச்சியை பேலன்சராக வைத்து, செஷன் ஐடியையும் ஒரு கவுன்ட்டரையும் காட்டுகிற சின்ன ஜேஎஸ்பி ஒன்றை ஓடவிடுங்கள். அப்ளிகேஷனின் கான்ஃபிகரேஷன் ஃபைலான வெப்.எக்ஸ்எம்எல்லில் டிஸ்ட்ரிபியூட்டபிள் டேக் இருக்க வேண்டும்.

சில முறை ரிஃப்ரெஷ் செய்து கவுன்ட்டர் ஏறுவதைப் பார்த்துவிட்டு, எந்த நோடு பதில் சொல்கிறதோ அதை கில் மைனஸ் 9 (உடனே நிறுத்தும் லினக்ஸ் கட்டளை) போட்டு நிறுத்துங்கள். மறுபடி ரிஃப்ரெஷ் செய்தால் கவுன்ட்டர் விட்ட இடத்திலிருந்து தொடரும், ஐடியின் கடைசியில் இருந்த நோடு பெயர் மட்டும் மாறியிருக்கும். பிறகு டிஸ்ட்ரிபியூட்டபிள் டேக்கை எடுத்துவிட்டு இதையே செய்யுங்கள். கவுன்ட்டர் 1-இலிருந்து தொடங்கும். அந்த டேக் எதற்கு என்பதை அதற்கப்புறம் யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்காது.

இதை விட முக்கியமான சோதனை ஒன்று உண்டு. செஷனில் ஒரு லிஸ்ட்டைப் போடுங்கள். அடுத்த ரிக்வெஸ்ட்டில் அதை கெட்அட்ரிப்யூட் மூலம் எடுத்து, ஒரு பொருளைச் சேர்த்து, அப்படியே விட்டுவிடுங்கள், திரும்ப செட்அட்ரிப்யூட் செய்ய வேண்டாம். அந்த நோடு உயிரோடு இருக்கும்வரை எல்லாம் சரியாகவே தெரியும். நிறுத்திப் பாருங்கள், சேர்த்த பொருள் காணாமல் போயிருக்கும். டாம்கேட்டில் இயல்பாகப் பிரதி அனுப்பும் பகுதியான டெல்டாமேனேஜர் மாற்றங்களை மட்டும்தான் அனுப்புகிறது, மாற்றம் நடந்ததே செட்அட்ரிப்யூட் அழைத்தால்தான் அதற்குத் தெரியும். சோதனைச் சூழலில் ஒரே நோடு ஓடுகிற டீமில் இந்த பக் வெளியே தெரியவே தெரியாது என்பதால், இன்டர்வியூவில் ரெப்ளிகேஷன் பற்றிக் கேட்டால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

டெல்டாமேனேஜர் ஒவ்வொரு செஷனையும் எல்லா நோடுகளுக்கும் அனுப்பும். அதாவது நோடு கூடக் கூட நெட்வொர்க் போக்குவரத்தும் கூடும், ஒவ்வொரு நோடின் மெமரியிலும் எல்லாருடைய செஷனும் உட்கார்ந்திருக்கும். சின்ன கிளஸ்டருக்கு இது போதும். பெரிதானால் பேக்கப்மேனேஜர், அது ஒரே ஒரு பேக்கப் நோடுக்கு மட்டும் பிரதி அனுப்புகிறது. இன்னொன்று, இயல்பாக இந்த அனுப்புதல் அசிங்க்ரனஸ், பயனருக்குப் பதில் போன பிறகும் பிரதி வழியில் இருக்கலாம், அந்த நொடியில் நோடு விழுந்தால் கடைசி மாற்றம் போய்விடும். கிளஸ்டர் வரியில் சேனல்சென்ட்ஆப்ஷன்ஸ் என்ற அமைப்பின் மதிப்பு 8 என்பது இதுதான். 6 என்று வைத்தால் பிரதி சேர்ந்துவிட்டது என்ற உறுதி வரும்வரை காத்திருக்கும், அதற்கேற்ப வேகம் குறையும்.

தேர்வுக்கு வருவோம். சர்வ்லெட்கான்டெக்ஸ்ட் (அப்ளிகேஷன் முழுவதற்கும் பொதுவான தகவல் இருக்கும் இடம்) ஒவ்வொரு ஜேவிஎம்முக்கும் தனித்தனி, அதில் போட்ட அட்ரிப்யூட் இன்னொரு நோடுக்குப் போகாது. செஷன் மட்டும்தான் இடம் மாறும், அதுவும் ஒரு செஷனின் ரிக்வெஸ்ட்டுகளை ஒரு நேரத்தில் ஒரே ஜேவிஎம்தான் கையாள வேண்டும். சீரியலைசபிள் அல்லாத (அதாவது பைட்டுகளாக மாற்றி அனுப்ப முடியாத), கன்டெய்னரால் இடம் மாற்ற முடியாத பொருளைச் செஷனில் போட்டால் இல்லீகல்ஆர்கியுமென்ட்எக்ஸெப்ஷன் வர வேண்டும். இடம் மாறுவதற்கு முன் செஷன்வில்பாசிவேட், மாறிய பின் செஷன்டிட்ஆக்டிவேட். இந்த இரண்டு மெத்தட்களும் இருப்பது ஹெச்டிடிபிசெஷன்ஆக்டிவேஷன்லிசனரில், அட்ரிப்யூட்டாக இருக்கும் பொருளே இந்த லிசனரை இம்ப்ளிமென்ட் செய்தால் வெப்.எக்ஸ்எம்எல்லில் பதிவு செய்யத் தேவையில்லை. பலர் தடுக்கி விழுவது இந்தக் கடைசி வரியில்தான்.

புதிதாக ஒரு அப்ளிகேஷனை வடிவமைக்கச் சொன்னால் நான் டாம்கேட் ரெப்ளிகேஷனைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். பல கிளவுட் நெட்வொர்க்குகளில் மல்டிகாஸ்ட் ஓடாது, உறுப்பினர் பட்டியலைக் கையால் எழுத வேண்டியிருக்கும். செஷனை வெளியே ரெடிஸ் என்ற மெமரி டேட்டாபேஸில் வைத்து, ஸ்பிரிங் செஷன் போன்ற ஒரு லைப்ரரியின் மூலம் படிப்பது நிம்மதி: எந்த நோடு வேண்டுமானாலும் விழலாம், எழலாம். ஆனால் ரெடிஸுக்கே ஒரு ரெப்ளிகா வேண்டும், இல்லாவிட்டால் அது விழுந்த அன்று எல்லாரும் வெளியே. ஜாவா சீரியலைசேஷன் பயன்படுத்தினால், புது வெர்ஷன் ஏற்றும்போது கிளாஸின் வடிவம் மாறி, பழைய செஷனைப் படிக்கப்போய் இன்வாலிட்கிளாஸ்எக்ஸெப்ஷன் வரலாம். அதனால் செஷனில் பயனர் ஐடி மாதிரி சின்ன விஷயங்களை மட்டும் வையுங்கள். சர்வரில் எதையுமே வைக்காமல், பயனர் விவரத்தைக் கையெழுத்திட்டு அவரிடமே கொடுக்கும் ஜேடபிள்யூடி டோக்கன் கொடுப்பதும் ஒரு வழிதான், ஆனால் காலாவதி ஆகும் முன் ஒருவரை வெளியேற்ற வேண்டுமென்றால் மறுபடி எங்காவது ஒரு பட்டியல் வைத்தே ஆக வேண்டும்.

தேர்வுக்கு நாள் குறைவாக இருந்தால், சர்வ்லெட் 4.0 ஸ்பெசிஃபிகேஷனில் 4-ஆம், 7-ஆம் அத்தியாயங்களில் டிஸ்ட்ரிபியூட்டட் என்ற சொல் வரும் பகுதிகளை மட்டும் எடுத்து, ஒவ்வொரு வரியையும் அந்த இரண்டு டாம்கேட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.