தரங்கம்பாடியில் இறங்கியவர்களும் தஞ்சையிலிருந்து புறப்பட்டவர்களும்

தரங்கம்பாடிக்கு வேன் பிடித்துப் போகும் சபைக் குழுக்கள் பல, முதலில் டேனிஷ் கோட்டைக்குள் நுழைந்துவிடுகின்றன. கோட்டை, கடல், படம் என்று நேரம் ஓடி, நண்பகல் தாண்டிப் புதிய எருசலேம் ஆலயத்துக்கு வந்தால் கதவு பூட்டியிருக்கும். வெளியே நின்று ஒரு ஜெபம், அப்படியே வேளாங்கண்ணி. தமிழகத்துக்கு வந்த முதல் சீர்திருத்தச் சபை (புராட்டஸ்டன்ட்) மிஷனரியான சீகன்பால்குவின் கல்லறை வரை வந்து அதைப் பார்க்காமலே திரும்பியவர்கள் நிறையப் பேர்.

இந்தப் பயணத்துக்கு இரண்டு நாள் வேண்டும். சனிக்கிழமை தரங்கம்பாடியும் பொறையாறும், ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர். மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோவில், ஆக்கூர் வழியாகத் தரங்கம்பாடி சுமார் 30 கி.மீ. பழைய மீட்டர்கேஜ் ரயில் 1986-லேயே நின்றுவிட்டது, ஆகவே பேருந்து அல்லது வேன்தான். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை எப்போது வேண்டுமானாலும் பயணத்தைக் கெடுக்கும். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. நடைப்பயணமாகப் போகும் மக்களால் கடலோரச் சாலை நிறைந்திருக்கும், அந்தப் பதினொரு நாளைத் தவிர்த்துவிடுங்கள். ஆலயங்களைத் திறந்து வைக்கச் சொல்லி அந்தந்தச் சபை ஆயருக்கு ஒரு வாரம் முன்பே தகவல் கொடுத்துவிட வேண்டும். கோட்டை மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது, அதன் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

1792-ல் கட்டிய நுழைவாயிலுக்கு வெளியிலேயே வேனை நிறுத்திவிட்டு, ராஜ வீதியில் நடந்தே கடற்கரைக்குப் போவது நல்லது. காலை ஆறரைக்கு முன்பே அங்கே நின்றால் வெயில் தொல்லை இல்லை. இடப்பக்கம் அலை அரித்த மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியர் காலத்துக் கற்றளி, இந்த ஊர் டேனியருக்கு முன்பே ஊராக இருந்ததற்குச் சாட்சி. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து டேனியர் கோட்டை கட்டத் தொடங்கியது 1620-ல். அதன்பின் எண்பத்தைந்து ஆண்டுக்கு மேல் வியாபாரம் நடந்தது, சுவிசேஷம் சொல்ல யாரும் வரவில்லை. 1706 ஜூலை 9 அன்றுதான் பர்த்தலோமேயு சீகன்பால்குவும் ஹென்ரிக் புளுச்சாவும் வந்து சேர்ந்தார்கள்.

இங்கே வழக்கமாக மத்தேயு 28-ஐ, சகல ஜாதிகளையும் சீஷராக்குங்கள் என்று இயேசு கொடுத்த கட்டளையை, வாசிப்பார்கள். ஆதியாகமம் 12-ல் தொடங்குவதுதான் முறை என்பது எங்கள் கருத்து. ஆபிரகாமை அழைத்த அதே மூச்சில், பூமியின் வம்சங்களெல்லாம் அவனுக்குள் ஆசீர்வதிக்கப்படும் என்று தேவன் சொல்லிவிட்டார். 67-ஆம் சங்கீதம் ஜனங்கள் எல்லாரும் தேவனைத் துதிக்கும்படி வேண்டுகிறது. ஏசாயா 49:6 இஸ்ரவேலை மீட்பது மட்டும் போதாது, ஜாதிகளுக்கு ஒளியாகவும் இருக்க வேண்டும் என்கிறது. இயேசு மலைமேல் கொடுத்த கட்டளை இந்த நீண்ட வாக்குத்தத்தத்தின் தொடர்ச்சி. அதை மட்டும் தனியே பிடுங்கி எடுத்தால், மிஷன் என்பது சபைப் பதிவேட்டில் பேர் சேர்க்கும் வேலையாகச் சுருங்கிவிடும். தேவனுடைய நாமம் எல்லா ஜனத்தாலும் தொழப்படுவதே நோக்கம், ஆள் சேர்வது அதன் பலன். கரையில் இந்த நான்கு பகுதிகளையும் நாலு பேர் வாசிக்க இருபது நிமிடம் போதும். மைக் வேண்டாம், அலைச் சத்தத்தோடு போட்டி போட முடியாது.

அடுத்து சீயோன் ஆலயம். 1701-ல் டேனியர் தங்களுக்காகக் கட்டியது. 1707 மே 12 அன்று முதல் ஐந்து பேர் ஞானஸ்நானம் பெற்றது இங்கேதான். அவர்கள் டேனியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். எஜமானர்கள் ஆராதிக்க வந்த ஆலயத்தில், எஜமானர்களின் பார்வைக்கு முன்னால், அவர்கள் கிறிஸ்துவுக்குள் சகோதரர் என்று அறிக்கையிடப்பட்டார்கள். அவசரமாகக் கடந்துபோக வேண்டிய இடமல்ல இது. ஞானஸ்நான உடன்படிக்கையைக் குழுவாக எழுந்து நின்று புதுப்பிக்க இதைவிடப் பொருத்தமான இடம் டெல்டாவில் கிடையாது.

அங்கிருந்து புதிய எருசலேம் ஆலயம். முகப்பில் டென்மார்க்கின் நான்காம் பிரெடெரிக் மன்னரின் முடியும் முத்திரை எழுத்தும், கீழே 1718 என்ற ஆண்டும் தெரியும். அந்த ஆண்டு அக்டோபர் 11 அன்று பிரதிஷ்டை. 1707-ல் கட்டிய முதல் எருசலேம் ஆலயம் கடல் கொண்டது. உள்ளே செருப்பில்லாமல் போங்கள். பீடத்துக்கு முன்னால் தரையிலேயே சீகன்பால்குவின் கல்லறை. எதிரில் கூட்டமாக நெருக்கியடித்தால் பின்னால் இருப்பவர் தெரியாமல் கல்லின்மேல் ஏறி நிற்பார். எட்டு, பத்துப் பேராக முன்வந்து, பார்த்து, இரு பக்கமும் விலகிப் போகும்படி ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளையிடம் சொல்லி ஒழுங்கு செய்யலாம். 1719 பிப்ரவரி 23-ல் இறந்தபோது அவருக்கு வயது நாற்பதுகூட இல்லை. யோவான் 12:24, நிலத்தில் விழும் கோதுமை மணியின் வசனம், இங்கே வாசிக்கத் தகுந்தது.

அவரை அனுப்பியது யார் என்று இந்தப் பீடத்துக்கு முன்னால்தான் குழுவோடு பேச வேண்டும். அப்போஸ்தலர் 13-ல் அந்தியோகியா சபை உபவாசித்து, ஜெபித்து, தன்னிடமிருந்த சிறந்த போதகர்களான பர்னபாவையும் சவுலையும் கைவைத்து அனுப்புகிறது. சீகன்பால்குவை அனுப்பியது ஒரு ராஜா, அந்த நான்காம் பிரெடெரிக். டென்மார்க்கில் ஆள் கிடைக்காததால் ஜெர்மனியிலிருந்து, ஹாலே நகரின் பக்தி இயக்கத்தைச் சேர்ந்தவர்களைத் தேடிப் பிடித்தார்கள். ராஜா அனுப்பினார், ஆனால் ராஜாவின் அதிகாரியே எதிர்த்தார். கோட்டைத் தலைவர் ஹாசியுஸ், ஏழை விதவை ஒருவருக்காகச் சீகன்பால்கு பரிந்து பேசிய விவகாரம் முற்றியபோது, 1708 நவம்பரில் அவரைப் பிடித்து நான்கு மாதம் கோட்டைக்குள் அடைத்தார். பிறகு கோப்பன்ஹேகனில் மிஷன் காரியதரிசியாக இருந்த வென்ட், அப்போஸ்தலர்போல் வெறுங்கையோடு போக வேண்டியவர் கட்டடமும் பள்ளிக்கூடமும் எதற்குக் கட்டுகிறார் என்று கடிந்து எழுதினார். தமிழரின் தெய்வங்களைப் பற்றி 1713-ல் சீகன்பால்கு எழுதி முடித்த நூலை ஹாலேயில் அச்சேற்றவில்லை. மூட நம்பிக்கையை ஒழிக்கப் போனவர் அதை ஐரோப்பாவில் பரப்பவா என்பது அங்கிருந்த எண்ணம். அது சென்னையில் அச்சானது 1867-ல். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றவர், அழகப்பன் என்ற மொழிபெயர்ப்பாளரின் துணையோடு ஓலைச்சுவடிகளைச் சேர்த்து வாசித்தவர். களத்தில் இருப்பவருக்குப் புரிந்தது அனுப்பியவருக்குப் புரியவில்லை. இன்றைக்கும் மிஷனரிகளைத் தாங்கும் சபைகள் கேட்டுக்கொள்ள வேண்டிய சங்கதி இது.

இனி கோட்டைக்குப் போகலாம். சீகன்பால்குவை அடைத்து வைத்த இடம் என்பதை மனதில் வைத்து நடந்தால் ஒரு மணி நேரம் போதும்.

பொறையாறு அடுத்த ஊர்தான். பலர் தேநீருக்கு மட்டும் நிறுத்துவார்கள். சீகன்பால்குவின் அச்சகத்துக்காகக் காகித ஆலை அமைத்தது இங்கே. அந்த அச்சகத்தின் கதையை வண்டியிலேயே சொல்லிவிடலாம், ஆனால் சரியாகச் சொல்ல வேண்டும். லண்டனிலிருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் அச்சு இயந்திரம் அனுப்பியது. கப்பலைப் பிரெஞ்சுக்காரர் ரியோ டி ஜெனீரோவில் பிடித்துக்கொண்டார்கள். மீண்டு புறப்பட்ட கப்பலில் அச்சர் வழியிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். இயந்திரம் வந்தது, ஓட்ட ஆளில்லை. அச்சுத் தொழில் தெரிந்த கோட்டைப் படைவீரர் ஒருவர் ஓட்டினார். ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-ல் வந்தன, ஆனால் அளவில் மிகப் பெரியவை. அதில் புதிய ஏற்பாடு அச்சிட்டால் காகிதம் கட்டாது. ஆகவே இங்கேயே சிறிய எழுத்துகள் வார்த்தார்கள், ஈயத்துக்கு லண்டனிலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் தகட்டை உருக்கினார்கள். 1714-ல் சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715-ல் புதிய ஏற்பாடு முழுவதும் வெளிவந்தன. பழைய ஏற்பாட்டில் ரூத் வரை சீகன்பால்கு மொழிபெயர்த்திருந்தார்.

தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்கள் ஐரோப்பாவில் செய்த வேலை தனி. இங்கிலாந்தில் சூசன்னா வெஸ்லி 1712-ல் அவற்றைத் தம் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினார், பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி அப்போது சிறுவன். ஹாலேயில் படித்த சின்சென்டார்ஃப் பிரபு தரங்கம்பாடிச் செய்தியைக் கேட்டு வளர்ந்தவர். அவர் அடைக்கலம் கொடுத்து வழிநடத்திய மொராவியச் சபையார் 1732-ல் மிஷனரிகளை அனுப்பத் தொடங்கினார்கள். ஆங்கில பாப்டிஸ்ட் மிஷனரி வில்லியம் கேரி வங்கத்துக்கு வந்தது 1793-ல், சீகன்பால்குவுக்கு 87 ஆண்டு பின்னால். நவீன மிஷன் கேரியில் தொடங்கியது என்று வேதாகமப் பள்ளிகளில்கூடச் சொல்கிறார்கள். சீர்திருத்தச் சபைகளின் கணக்கிலேயே அது தவறு. ரோமன் கத்தோலிக்க மிஷனை எடுத்தால் இன்னும் நெடிய வரலாறு இருக்கிறது. கொள்ளிடத்துக்கு வடகரையில், திருமானூர் அருகே ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் பணி செய்த அடைக்கல மாதா ஆலயத்தை, நேரமிருந்தால் தஞ்சையிலிருந்து போய்ப் பார்க்கலாம். அவர் லுத்தரன்களைக் கடுமையாகக் கண்டித்து எழுதியவர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இரவு கும்பகோணத்தில் தங்கிவிட்டால் காலையில் தஞ்சாவூர் சுமார் 40 கி.மீ. தரங்கம்பாடியிலிருந்து ஒரே ஓட்டமாகப் போனால் 100 கி.மீ.க்கு மூன்று மணி நேரம் ஆகும், அறுவடைக் காலத்தில் நெல் லாரிகளும் வைக்கோல் வண்டிகளும் இன்னும் தாமதமாக்கும்.

போகிற வழியில் மயிலாடுதுறையைக் கடக்கும்போது ஆரோனை நினைக்க வேண்டும். கடலூரில் பிறந்து, 1718-ல் ஞானஸ்நானம் பெற்று, உபதேசியாராக உழைத்தவர். 1733 டிசம்பர் 28-ல் குருப்பட்டம் பெற்றார், இந்தியரில் முதல் சீர்திருத்தச் சபை ஆயர். மாயவரம் சுற்று வட்டாரம் அவர் பொறுப்பில் விடப்பட்டது. தஞ்சாவூரில் ஐரோப்பிய மிஷனரி குடியேறுவதற்கு முன்பே ராஜநாயக்கன் என்ற தஞ்சைப் படைவீரர், தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷத்தை வாசித்து, பிறகு உபதேசியாராகி அங்கே சபையைக் கட்டினார். இந்த இரண்டு பேரையும் சொல்லாமல் ஜெர்மானியர் பெயரை மட்டும் அடுக்குவது டெல்டாவின் வரலாறு ஆகாது.

தஞ்சையில் ஞாயிறு ஆராதனைக்குத் தூய பேதுரு ஆலயம். 1798 பிப்ரவரி 13-ல் இறந்த ஜெர்மானிய மிஷனரி கிறிஸ்டியன் ஃபிரெடெரிக் சுவார்ட்ஸின் கல்லறை அங்கே. தஞ்சையின் சரபோஜி மன்னர் ஆங்கிலத்தில் எழுதிய கவிதை கல்லறைக் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. பிறகு பெரிய கோயிலை ஒட்டிய சிவகங்கைப் பூங்காப் பக்கம், 1779 என்று முகப்பில் கண்ட சுவார்ட்ஸ் ஆலயம். உள்ளே ஆங்கிலச் சிற்பி ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய பளிங்குச் சிற்பம். மரணப் படுக்கையில் சுவார்ட்ஸ், அவர் கையைப் பிடித்தபடி சரபோஜி. சரபோஜி கடைசிவரை கிறிஸ்தவராகவில்லை, சுவார்ட்ஸும் அன்பைக் குறைக்கவில்லை. மிஷனைப் பதிவேட்டுக் கணக்கால் அளப்பவர்கள் இந்தச் சிற்பத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்கலாம். சுவார்ட்ஸிடம் வளர்ந்த வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்றை இங்கே பாடுங்கள், ஆர்மோனியம் இல்லாவிட்டாலும் தாளம் போதும்.

கசப்பான பகுதியும் இந்த ஊரிலேயே இருக்கிறது. சபைக்குள் சாதி தொடர்ந்தது. சாதிப்படி தனித்தனியே உட்காருவதைப் பழைய மிஷனரிகள் பொறுத்துக்கொண்டார்கள். புதியவர்கள் எதிர்த்தபோது, இவ்வளவு பாடிய சாஸ்திரியாரே சாதி வழக்கத்துக்காக வாதாடினார். 1833-ல் பேராயர் டேனியல் வில்சன் சாதிப் பாகுபாட்டைத் திருச்சபையிலிருந்து முற்றிலும் நீக்கக் கட்டளையிட்டார். தஞ்சையில் பலர் விலகிப் போனார்கள். வெளிப்படுத்தல் 7:9-ல் சகல கோத்திரமும் ஒரே சிங்காசனத்துக்கு முன்னால் நிற்கிறது. அதை அறிவிக்கப் போகிற சபையிலேயே தனி இருக்கை இருந்தால் அறிவிப்புக்கு அர்த்தமில்லை. சுற்றி வளைக்காமல் குழுவில் இதைச் சொல்லிவிட வேண்டும்.

பயணத்தின் முக்கியமான ஜெபத்தைத் தஞ்சையில்தான் வைத்துக்கொள்வோம், காரணம் 1790 டிசம்பர். சத்தியநாதன் இங்கே குருப்பட்டம் பெற்றுத் திருநெல்வேலிக்கு அனுப்பப்பட்டார். அதற்கு முன்பே தஞ்சையின் மராட்டியப் பிராமணப் பெண் கிளாரிந்தா, 1778-ல் பாளையங்கோட்டையில் ஞானஸ்நானம் பெற்று, அங்கே ஆலயமும் கட்டியிருந்தார். காவிரிக்கரையில் விளைந்தது தாமிரபரணிக்குப் போனது. அந்தத் திருநெல்வேலியிலிருந்து 1903-ல் இந்திய மிஷனரி சங்கம் எழுந்து, தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்குத் தமிழரை அனுப்பியது. அதன் அமைப்பாளர்களில் ஒருவரான வி.எஸ்.அசரியா, 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று மேல்நாட்டு மிஷன்களை நோக்கிக் கேட்டார். ராஜா அனுப்பியதாகத் தொடங்கியது, அந்தியோகியாபோல் சபை அனுப்புவதாக இங்கேதான் திரும்பியது.

ரோமர் 10:14, 15 வாசித்து, குழுவினர் தங்கள் சபை இப்போது தாங்கும் மிஷனரிகளின் பெயர், களம், பேசும் மொழி ஆகியவற்றைச் சொல்லி ஒவ்வொருவருக்காகவும் ஜெபிக்கலாம். தாள் ஒன்றில் முன்கூட்டியே எழுதிவராவிட்டால் இரண்டு பெயருக்குமேல் யாருக்கும் நினைவு வராது. பயணத்தில் எடுத்த காணிக்கையை அந்தக் களங்களில் ஒன்றுக்கு அந்த வாரமே அனுப்பிவிடுங்கள். பெயர் ஒன்றுகூடச் சொல்ல முடியாத சபையானால், ஊர் திரும்பி அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் எடுக்க வேண்டிய முதல் பொருள் அதுதான் என்று ஆயரிடம் அங்கேயே சொல்லிவிடலாம்.