அப்பாவின் உதட்டு மச்சங்கள்

ஜூன் 3
தம்பிக்கு ஆபரேஷன் முடிந்தது. இதயத்தின் இடது மேலறையில் இருந்த கட்டியை எடுத்துவிட்டார்கள். சர்ஜன் போனில் படம் காட்டினார். நுங்கு மாதிரி வழவழவென்று, ஓரமெல்லாம் ரத்தம் கட்டி. இரண்டு மேலறைகளுக்கும் நடுச்சுவரில் சின்னக் காம்போடு ஒட்டியிருந்ததாம். இதயம் துடிக்கத் துடிக்க வால்வை வந்து அடைத்திருக்கிறது. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று பிள்ளை சொல்லிக்கொண்டேதான் இருந்தான், இன்ஹேலர்தான் கொடுத்தார்கள்.

ஜூன் 10
பயாப்ஸி வந்துவிட்டது. மிக்ஸோமா என்ற கட்டி, புற்றுநோய் இல்லை. அம்மா சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதார்.

டாக்டர் அதோடு விடவில்லை. டார்ச் அடித்துத் தம்பியின் உதட்டையும் இமை ஓரத்தையும் பார்த்தார். பொடிப்பொடியாய்ப் பழுப்புப் புள்ளிகள். "வீட்ல வேற யாருக்காவது இப்படி இருக்கா?"

அப்பாவுக்கு இருந்தது. ராசியான மச்சம் என்பார் பாட்டி. அப்பா 41 வயதில் பக்கவாதத்தில் போனார். மிக்ஸோமாவிலிருந்து துணுக்கு உடைந்து மூளைக்குப் போனாலும் பக்கவாதம் வருமாம். அப்பாவுக்கு அதுதானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

ஜூன் 14
டாக்டர் சந்தேகப்படுவது கார்னி காம்ப்ளெக்ஸ் என்ற பரம்பரை நோய். அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆஸ்பத்திரியின் எய்டன் கார்னி 1985-ல் இந்தப் புள்ளிகளையும் மிக்ஸோமாவையும் சுரப்பிக் கோளாறுகளையும் ஒரே நோயாகச் சேர்த்துக் காட்டியவர். காரணமான பிஆர்கேஏஆர்1ஏ ஜீனை 2000-ல் கண்டுபிடித்தார்கள். பெற்றோரில் ஒருவருக்கு அந்த ஜீனில் மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தைராய்டிலும் விரையிலும்கூடக் கட்டி வரலாம். தைராய்டில் சிலருக்குப் புற்றாகவும் மாறும். இதயத்தில் எடுத்த கட்டி மறுபடி வரலாம், வேறு அறையிலும் வரலாம். வருஷா வருஷம் எக்கோ என்ற இதய ஸ்கேன். ஆயுசுக்கும்.

ஜூன் 16
தம்பியின் ரத்தத்தை ஜீன் டெஸ்டுக்கு அனுப்பினோம். "தங்கச்சி கல்யாணம் முடியட்டும், அதுவரைக்கும் வெளிய மூச்சு விடாதே" என்கிறார் அம்மா. அவர் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டேன். எக்கோ என்பது ஜெல் தடவி நெஞ்சில் கருவியை வைத்துப் பார்க்கிற பரிசோதனை, ஊசிகூட இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்குப் பயந்து அவள் இதயத்தைப் பார்க்காமல் விடுவதா?

ஜூலை 12
தம்பிக்கு ஜீன் மாற்றம் உறுதி. எனக்கும் தங்கைக்கும் எக்கோ பார்த்தாயிற்று, கட்டி இல்லை. ரத்த ரிசல்ட் இனிமேல்தான்.

இரவு, அம்மாவிடம் சொல்லிவிட்டே அத்தைக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்கும் உதட்டுல இருக்கேடி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பேரனுக்கும் இருக்கு."

பேரனுக்குப் பதினொரு வயது. திங்கட்கிழமை இரண்டு பேருக்கும் எக்கோ. நானும் போகிறேன்.